ஒரு லிட்டர் குவளையும் இரண்டு அங்குல ஒயரும்

செயலாளரே, நீங்கள் சொன்னது பொய்.

போன மாதம் சால்ட் லேக்கில் நம் கார் கிளப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. எரிந்துபோன உங்கள் வண்டியின் படத்தைத் திரையில் காட்டினீர்கள். "ஒரு பெண் மெக்கானிக் பெட்ரோல் லைனை அரைகுறையாகக் கட்டியதால் நடந்தது இது. அவரே இதை மறுக்கவில்லை" என்றீர்கள். புதிதாகச் சேர்ந்த பையன்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்களில் ஒருவனுக்கும் அந்த அக்காவைத் தெரியாது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நின்றேன். "கேள்வியெல்லாம் டீக்கு அப்புறம்" என்றீர்கள். டீக்கு அப்புறம் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

அதனால் இந்தத் தமிழ்ச் சங்க மலரில் எழுதுகிறேன். கிளப்பில் தமிழர்கள் மூன்றே பேர் இருந்தோம்: நீங்கள், நான், அந்த அக்கா. மலர் உங்கள் வீட்டுக்கும் வரும். உங்கள் மனைவியும் படிப்பார்.

எனக்கு எழுத வராது. லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பளம், காப்பிப்பொடி, நல்லெண்ணெய் விற்கிறவன். அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் வேண்டாம் என்றார். உங்கள் பெயரையும் எழுதவில்லை. அது நான் உங்களுக்குக் கொடுக்கும் கடைசிச் சலுகை.

அக்காவின் பட்டறை பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு கார் நிற்கும் இடம். இன்ஜெக்டர் சோதிக்கிற மேசை ஒன்று, பெஞ்சு ஒன்று, மணல் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்று. அந்த வாளி பக்கத்துத் தெருப் பூஜைப் பந்தலில் இரவல் வாங்கியது. ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு முன்னால் பந்தல்காரர்கள் வந்து கேட்பார்கள். "மணலைக் கொட்ட இடம் சொல்லு, வாளியைத் தாரேன்" என்று வங்காளத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்.

முழுக்கை நீலச் சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டிருப்பார். வேலை தொடங்கும்போது மோதிரத்தைக் கழற்றித் துப்பட்டா முனையில் முடிந்துகொள்வார். அவர் பேசுவது சுத்தத் திருநெல்வேலித் தமிழ். பிறந்ததும் வளர்ந்ததும் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில். திருநெல்வேலியை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

ஆணியில் ஒரு அலுமினியக் குவளை தொங்கும். பால்காரர்கள் வைத்திருப்பார்களே, நீளக் கைப்பிடி போட்ட ஒரு லிட்டர் குவளை, அது. யார் எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் அந்தக் குவளைதான் முதலில் கீழே இறங்கும். சந்தில் எல்லோரும் அவரை 'மாபா தீதி' என்பார்கள். வங்காளத்தில் மாபா என்றால் அளப்பது. அளக்கிற அக்கா.

அளக்காமல் அவர் எதையும் நம்ப மாட்டார். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. மனுஷனுக்கு வெறி பிடித்துவிடும். ஒருநாள் என் கடைக்கு வந்து ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் பாட்டில் வாங்கினார். அங்கேயே குவளையில் ஊற்றினார்.

"லிட்டர் இல்லலே இது."

"அக்கா, கம்பெனி பாட்டிலுக்கா. சீல் போட்டது."

"சீல் எண்ணெயைக் கூட்டுமா? அளந்தியா நீ?"

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து காட்டவேண்டியதாகிவிட்டது. எல்லாமே குறைவு. பெட்டியோடு திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் கடையில் தேங்காயெண்ணெய் இல்லை. கோபத்தில் அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அளந்தியாலே?" இதுதான் அவருடைய வணக்கம், வாழ்த்து, திட்டு எல்லாம். காய்ச்சல் என்று போனால் அளந்தியா. வண்டி இழுக்கவில்லை என்றால் அளந்தியா. மகள் நன்றாகப் படிக்கவில்லை என்று ஒருவர் அலுத்துக்கொண்டபோது, "எதை வச்சு அளந்தீங்க?" என்று கேட்டார். அந்த மனுஷன் அதற்குப் பிறகு வரவேயில்லை.

நான் அவரிடம் போனது நைட்ரஸ் வைக்க. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பல் டாக்டர் மயக்கத்துக்குக் கொடுக்கிற அதே வாயு. சிலிண்டரில் அடைத்துக் கார் டிக்கியில் வைத்து, குழாய் போட்டு இஞ்சினுக்குள் விடுவார்கள். பட்டனை அமுக்கினால் கொஞ்ச நேரம் வண்டி பறக்கும். அப்போது கிளப்பில் எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. எனக்கும்தான். ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுபாதையை வாடகைக்கு எடுத்து ஓட்டுவோம்.

"அக்கா, கேஸ் வைக்கணும்."

"எதுக்கு?"

"பவர் வேணும்க்கா."

"கேஸு பவர் தராதுலே. இஞ்சின் எரிக்கது பெட்ரோலை. பெட்ரோல் எரிய காத்து வேணும். இந்த கேஸ் உள்ள போனா ரொம்பக் காத்து போன மாதிரி. அப்ப பெட்ரோலும் அதே கணக்குக்குக் கூடப் போகணும். போகலைன்னா சூடு ஏறும். பிஸ்டன் மெழுகா உருகிரும். உனக்கு வேண்டியது பெட்ரோலு. அதைக் கேட்டு ஒருத்தன் வர மாட்டேங்கான். எல்லாவனும் கேஸு, கேஸுன்னே வாரான்."

சொல்லிக்கொண்டே குவளையை இறக்கினார். என் வண்டியின் பெட்ரோல் லைனைக் கழற்றி, பிரஷர் மீட்டரை மாட்டி, ஓடும்போது இருக்கவேண்டிய பிரஷரில் பிடித்துவைத்து, ஒரு நிமிஷம் பம்ப்பை ஓடவிட்டார். பட்டன் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடியது. சந்தில் பீடி பிடித்துக்கொண்டு போன ஒருவரை "தாதா, அந்தப் பக்கம்!" என்று விரட்டினார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

"சும்மா ஊத்துனா எல்லாப் பம்ப்பும் ஜோராத்தான் ஊத்தும். அமுக்கிப் பிடிச்சா எவ்வளவு ஊத்துதுங்கதுதான் கணக்கு." குவளையைக் காட்டினார். ஒரு லிட்டர்கூட நிறையவில்லை. "இது உன் வண்டிக்கு மட்டுந்தான் காணும். கேஸுக்கு ஈடா ஊத்த இதுகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. போயிட்டு வா."

"புதுப் பம்ப்புக்கா!"

"பம்ப்பு புதுசு. ஒயரு?"

மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட். பின்சீட்டுக்கு அடியில் பம்ப்பிடம் பத்து. "நடுவுல ரெண்டு வோல்ட்டை எவன் தின்னான்?" என்று என்னையே கேட்டார், நான்தான் தின்றதுபோல. பழைய மெல்லிய ஒயர்தான் தின்றிருந்தது. பேட்டரியிலிருந்து நேராகத் தடிமன் ஒயர் இழுத்தார். மறுபடி அளந்தார். ஃபில்டரை மாற்றச் சொன்னார். மறுபடி அளந்தார். நான் கடையை விட்டுவிட்டு மூன்று தடவை போனேன். கடைசியில் பொருத்தினார்.

அதிலும் நான் கேட்டதைப் பொருத்தவில்லை. வாயுவுக்கும் பெட்ரோலுக்கும் தனித்தனியாக ஒரு பித்தளைத் துளை உண்டு, ஜெட் என்பார்கள். துளை பெரிதானால் வேகம் கூடும். எனக்கு இருப்பதிலேயே சின்ன ஜோடியைப் போட்டார்.

"அக்கா, இதை வச்சு நான் ஸ்கூட்டரைக்கூட ஜெயிக்க முடியாது."

"ஜெயிக்க வேண்டாம். வீட்டுக்குப் போ."

ஓடுபாதையில் எல்லோரிடமும் தோற்றேன். "அக்காவோட தம்பி வர்றான், பெட்ரோல் அளந்தாச்சா?" என்று நீங்கள்தான் மைக்கில் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அன்றைக்கு அக்கா மீது வந்த எரிச்சல்கூட ஞாபகம் இருக்கிறது. மற்றவன் வண்டியிலெல்லாம், பழைய கார் சாமான் விற்கிற மல்லிக் பஜாரில் வாங்கிய கிட்டை ஒரே நாளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் பறந்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய இஞ்சின் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பிரித்துப் போட்டுக் கிடந்தது என்பது வேறு விஷயம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

சித்திரை வெயிலில் இன்னொரு கூத்து. சிலிண்டர் டிக்கியில் கிடந்து சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும், வாயு கூடுதலாகப் பாயும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே போகும் என்று சொல்லி, ஈரக் கம்ச்சாத் துண்டைச் சுற்றச் சொல்வார். செக்டர் ஃபைவ் ஐ.டி. பையன் ஒருவன் கேட்டான்: "தீதி, சிலிண்டருக்கு ஜுரமா?"

"ஆமா. ஜுரம் வந்தா அது உளறும். உன் இஞ்சின் அதைக் கேட்டு ஆடும்" என்றார். அந்தப் பையன் துண்டை நனைத்தான்.

செயலாளரே, இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்டது பெரிய ஜோடி. அக்கா முடியாது என்று சொல்லவில்லை. "பெட்ரோல் வந்தா போடுதேன்" என்றார். பெரிய பம்ப், தடிமன் லைன், எல்லாம் வந்தன. அளந்தார், வந்தது. பிறகு ஒரு ஸ்விட்ச் வைத்தார். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் அந்த நொடியே வாயுவை அடைத்துவிடும் ஸ்விட்ச். தீ பட்டாலும் தொடாத இடமாகப் பார்த்து, சக்கரத்துக்கு மேலே ஒரு மூலையில் பொருத்தினார். நான் அன்று பட்டறையில் இருந்தேன். லைனைக் கசியவிட்டுப் பத்துத் தடவை சோதித்தார். பத்துத் தடவையும் 'டிக்' என்று அடைத்தது.

பிறகு பானெட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, மார்க்கரால் தமிழில் எழுதினார்: அரை டேங்க்குக்குக் கீழே கேஸ் போடாதே.

"யக்கா, என்ன இது, லாரிக்குப் பின்னாடி எழுதுற மாதிரி?" என்றீர்கள்.

"லாரிக்காரன் படிச்சு நடக்கான். டேங்க்குல கொஞ்சமா பெட்ரோல் கிடந்தா, நீங்க சீறிக் கிளம்பும்போது எல்லாம் பின்னாடி ஓடிரும். பம்ப்பு காத்தை உறிஞ்சும். இஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது, கேஸு மட்டும் போகும். கேக்கீங்களா?"

"கேக்குறேன், கேக்குறேன்."

கேட்கவில்லை. கிளப்பில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தைத்தான் நீங்களும் செய்தீர்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ஸ்டெப்னியைக் கழற்றினீர்கள். பின்சீட்டைக் கழற்றினீர்கள். டேங்க்கிலிருந்து பெட்ரோலைக் குழாய் போட்டு உறிஞ்சி வெளியே எடுத்தீர்கள். பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிற ஒன்றை வண்டியில் ஏற்றிவிட்டு, பெட்ரோலை இறக்கினோம். இதை எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. அப்போது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். என் டேங்க்கையும் நான் அப்படித்தான் வற்றவைத்திருந்தேன்.

அக்கா ஓடுபாதைக்கு வருவதில்லை. "நான் வந்தா எல்லாவன் வண்டியையும் நிப்பாட்டிருவேன்" என்பார். அன்றும் வரவில்லை.

முதல் ஓட்டத்தில் நீங்கள் பாதித் தூரத்தில் தொய்ந்தீர்கள். ஸ்விட்ச் அதன் வேலையைச் செய்தது. பிரஷர் விழுந்தது, வாயுவை அடைத்தது. ஹவுராக்காரர் ஒருவர் உங்களைத் தாண்டிப் போனார். திரும்பி வந்து ஹெல்மெட்டைத் தரையில் எறிந்தீர்கள்.

"அந்தம்மா ஸ்விட்ச் என் மானத்த வாங்கிடுச்சு!"

"டேங்க்ல எவ்வளவு இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? கத்தி இருக்கா?"

என்னிடம் மூட்டைத் தையல் பிரிக்கிற கத்தி எப்போதும் இருக்கும். கொடுத்தேன். பானெட்டைத் திறந்து, டூல் பெட்டியில் கிடந்த நீல ஒயரில் ஒரு துண்டை வெட்டினீர்கள். இரண்டு முனையையும் உரித்தீர்கள். ஸ்விட்ச்சில் ஒயர் மாட்டுகிற இரண்டு கால்களையும் அந்தத் துண்டால் சேர்த்துவிட்டீர்கள். இனி பிரஷர் விழுந்தாலும் வாயு நிற்காது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"அக்காகிட்ட ஒரு போன் போடலாமா?" என்றேன்.

"ஏன்டா, அவங்கதான் உனக்குச் சாமியா?"

சுற்றி நின்றவர்களுக்கும் புரியட்டும் என்று அதை வங்காளத்தில் கேட்டீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது ஓட்டத்தில் முக்கால் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. பானெட்டின் விளிம்பில் தீ. நீங்கள் கதவைத் திறந்து உருண்டீர்கள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருந்தது. அந்தத் தழும்புக்காக நான் வருத்தப்படுகிறேன், இன்றும். தீயை அணைத்தோம். உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு எல்லோரும் பின்னால் போனார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன்.

இனி எழுதுவது உங்களுக்கும் தெரியாது.

அக்கா சொன்னபடியே அந்த மூலைக்குத் தீ போகவில்லை. ஸ்விட்ச் முழுசாக இருந்தது. அதன் கால்களில் நீல ஒயரும் இருந்தது, ஒரு முனை மட்டும் லேசாகக் கருகியிருந்தது. நான் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்களைக் காப்பாற்றத்தான். கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பார்த்து நாலு பேர் கேவலமாகப் பேசக்கூடாது என்று நினைத்தேன். உங்கள் ஆபீஸ் கேன்டீனுக்கு அரிசி என் கடையிலிருந்துதான் போகிறது என்பதும் நினைவில் இருந்தது. இரண்டில் எது முந்தி வந்தது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் அக்கா வண்டியைப் பார்க்க வந்தார். கையில் மீட்டர், குவளை. ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்தே இருந்தார். லைன் உருகியிருந்தது. எதையும் அளக்க வழியில்லை. ஸ்விட்ச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கால்கள் சுத்தமாக இருந்தன. நான் ஒயரைப் பிடுங்கிய பிறகு எப்படி இருக்குமோ அப்படி.

"ஏம்லே கேஸை வெட்டலை இது?" என்று என்னிடம் கேட்டார். "பத்துத் தடவ வெட்டிச்சே. நீயும் பாத்தியே."

"தெரியலக்கா" என்றேன். ஒயர் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

டேங்க்கையும் பம்ப்பையும் கழற்றித் தன் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார், அளந்து பார்க்கிறேன் என்றார். சரி என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னீர்கள். அந்த வாரமே வண்டி, டேங்க்கும் பம்ப்புமாக, பழைய இரும்புக்குப் போய்விட்டது.

அப்புறம் கிளப் கூட்டம். கையில் கட்டோடு நீங்கள். எதிரே நீலச் சட்டையில் அக்கா. "நீங்க கட்டின லைன் கசியலைன்னு உறுதியா சொல்ல முடியுமா?" என்று கேட்டீர்கள்.

வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் மேசையைத் தட்டி, "என் வேலை சுத்தம், நீ என்ன பண்ணினே?" என்று கேட்டிருப்பான். எனக்குத் தெரிந்த ஒவ்வொருவனும் அப்படித்தான் கேட்டிருப்பான். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். நான் மனசுக்குள் கத்தினேன், சொல்லுங்கக்கா, முடியும்னு சொல்லுங்கக்கா.

"எரிஞ்சதை அளக்க முடியாது. அளக்காம சொல்ல முடியாது" என்றார்.

"சொல்ல முடியாதாம்! எழுதிக்கோங்க" என்றீர்கள்.

செயலாளரே, அவர் மறுக்கவில்லை என்று நீங்கள் சொல்வது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். அதிலும் பாதியை வெட்டிவிட்டீர்கள். அவர் வாழ்நாள் முழுக்க யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாத ஒரு நேர்மையை எடுத்து, அவர் கழுத்திலேயே சுருக்குப் போட்டீர்கள். அவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாய் வார்த்தை, அளக்காமல் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆனால் அவர் அளப்பதற்கு இருந்த ஒரே பொருளை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் யார் அவர்மீது கோபப்பட?

சந்துக்குள் வண்டிகள் வருவது குறைந்தது. "பொம்பளை கட்டின பைப்" என்று ஒரு பேச்சு மல்லிக் பஜார் வரை பரவியது. யார் கிளப்பிவிட்டார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எட்டு மாதம் கழித்து அக்கா பட்டறை மேசையைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சிவப்பு வாளி மட்டும் வாசலில் காலியாக இருந்தது. மணலைக் கொட்டிவிட்டுப் பந்தல்காரர்களை வரச்சொல்லியிருந்தார்.

ஒயரை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். என் கத்தி என்பதையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டிவைத்த பெட்டியை மறுபடி பிரித்து மீட்டரை எடுத்தார். ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரின் கம்பிமுனைகளை வைத்தார். மீட்டர் 'பீ' என்று கத்தியது. ஸ்கேலை எடுத்து நீளம் பார்த்தார்.

"ரெண்டு அங்குலம்" என்றார். "ஒயரு நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தார். "எட்டு மாசமா அந்த ஸ்விட்ச் ஏன் வெட்டலைன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்லே. தூங்கி எந்திச்சா அதான். மத்தவங்க வண்டில வச்ச ஸ்விட்ச்சையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கழட்டிப் பாத்தேன். நான் வச்சது எல்லாமே கெட்டதோன்னு."

"மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதே? இதைச் சொல்ல வேண்டிய இடம் இது இல்ல."

ஒயரை என் கையில் திருப்பிக் கொடுத்தார். குவளையை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவ்வளவுதான். இப்போது வேறு ஊரில் ஜெனரேட்டர் வேலை பார்க்கிறார். ஊர் எதுவென்று எழுத மாட்டேன். அங்கேயும் டேங்க்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று ஆபீஸ் காகிதத்தை நம்பாமல் கம்பி விட்டு அளந்துதான் பார்க்கிறாராம். மேனேஜர் அலறுகிறார் என்று கேள்வி. சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

சொல்ல வேண்டிய இடம் இது இல்லை என்று அவர் சொன்ன பிறகும், வருஷக்கணக்காக நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அரிசி உங்கள் கேன்டீனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் அந்தப் படத்தைத் திரையில் போட்ட அன்றைக்குத்தான், அக்கா எதைச் சுமந்துகொண்டு போனார் என்பது எனக்கு உறைத்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவர் தலையில் ஏற்றியது அது.

என் பங்கை எழுதிவிட்டேன். கத்தி கொடுத்தேன். சிரித்தேன். ஒயரை ஒளித்தேன். அக்கா நேருக்கு நேர் கேட்டபோது தெரியாது என்றேன். இதே நாலு வரியைக் கிளப்பின் வாட்ஸாப் குழுவிலும் வங்காளத்தில் போட்டுவிட்டேன். இனி உங்கள் கேன்டீனுக்கு அரிசி அனுப்பப்போவதில்லை. ஒயர் என் கடையில், கல்லாவுக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. லேக் மார்க்கெட் பக்கம் வருகிற யாரும் வந்து பார்க்கலாம். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்க்கலாம்.

இப்போது உங்கள் முறை. இரண்டு கேள்விதான். அன்று இரண்டாவது ஓட்டத்துக்குக் கிளம்பும்போது உங்கள் டேங்க்கில் எத்தனை லிட்டர் இருந்தது? ஸ்விட்ச்சின் இரண்டு கால்களையும் சேர்த்தது யார்? எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். எந்தக் குழுவில் அவரைக் குற்றவாளி என்று எழுதினீர்களோ அதே குழுவில், எந்த மைக்கில் சொன்னீர்களோ அதே மைக்கில், எல்லோரும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.

டீக்கு முன்னாலேயே சொல்லுங்கள்.